ஓட்டையை விலைக்கு வாங்கும் காவல்

நாட்டில் புதிதாக விற்கப்படும் ஒவ்வொரு கைபேசியிலும் ‘சஞ்சார் சாத்தி’ என்னும் அரசாங்கச் செயலி முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று கைபேசி நிறுவனங்களுக்கு ஆணையிட்டது. அதற்கு 90 நாள் கெடு. செயலியின் செயல்பாடுகளை முடக்கவோ கட்டுப்படுத்தவோ இடமளிக்கக் கூடாது என்றும் அவ்வாணை கூறியது. மக்களிடம் கருத்துக் கேட்கப்படவில்லை. நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படவும் இல்லை. செய்தி வெளியானதும் எதிர்க்கட்சிகளும் பத்திரிகையாளர்களும் இணைய உரிமை அமைப்புகளும் எழுப்பிய கடும் எதிர்ப்பைக் கண்டு, டிசம்பர் 3 அன்று அரசாங்கம் அந்தக் கட்டாயத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இந்தப் பின்வாங்கல் வரவேற்கத்தக்கதே. திருடுபோன கைபேசியைக் கண்டுபிடிக்க உதவும் செயலி பயனுள்ளது என்றால் மக்கள் தாமே விரும்பிப் பதிவிறக்கிக்கொள்வார்கள். அதற்கு ஆணை தேவையில்லை. குடிமக்களின் கைபேசிக்குள் எதை வைப்பது, எதை எடுப்பது என்னும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பதுதான் இங்கு எழுந்த கேள்வி. இந்தச் செயலி முன்வாசல் வழியாக வந்தது, எல்லோர் கண்ணிலும் பட்டது, திருப்பி அனுப்பப்பட்டது. பின்வாசல் வழியாக வருவது எவர் கண்ணிலும் படுவதில்லை. 2021இல் அம்பலமான அந்தப் பின்வாசலைப் பற்றிய முழு உண்மை இன்றுவரை நாட்டு மக்கள் முன் வைக்கப்படவில்லை என்பதை இத்தருணத்தில் நினைவுகூர்வது அவசியமாகும்.

பதில் கிடைக்காத கேள்வி

2021 ஜூலை 18 அன்று, பாரிசிலிருந்து இயங்கும் ‘ஃபர்பிடன் ஸ்டோரீஸ்’ என்னும் பத்திரிகையாளர் அமைப்பும், ஆம்னஸ்டி இன்டர்நேஷனலும், பல நாடுகளைச் சேர்ந்த 17 ஊடக நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய புலனாய்வின் முடிவுகள் வெளிவரத் தொடங்கின. இஸ்ரேலைச் சேர்ந்த என்எஸ்ஓ நிறுவனம் தயாரித்த பெகாசஸ் என்னும் உளவு மென்பொருளின் வாடிக்கையாளர்கள், கண்காணிப்பதற்காகத் தேர்ந்தெடுத்ததாகக் கருதப்படும் ஏறத்தாழ 50,000 தொலைபேசி எண்கள் கொண்ட பட்டியலை அடிப்படையாகக் கொண்ட புலனாய்வு அது. அப்பட்டியலில் சரிபார்க்கப்பட்ட இந்திய எண்கள் மட்டும் 300 அளவில் இருந்தன. ராகுல் காந்தியின் எண் இருந்தது. தேர்தல் ஆணையராகப் பணியாற்றிய அசோக் லவாசாவின் எண் இருந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட பத்திரிகையாளர்களின் எண்கள் இருந்தன. இவற்றை நாடாளுமன்றத்தில் எழுந்து நின்று மறுத்த தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவின் எண்ணும் அதே பட்டியலில் இருந்தது!

பட்டியலில் எண் இருப்பதாலேயே அந்தக் கைபேசி ஊடுருவப்பட்டது என்று பொருளாகாது என்பதைப் புலனாய்வு செய்தவர்களே தெளிவுபடுத்தினார்கள். ஆயினும் சோதிக்கப்பட்ட இந்தியக் கைபேசிகள் சிலவற்றில் பெகாசஸின் தடயங்களை ஆம்னஸ்டியின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது.

அரசாங்கங்களுக்கு மட்டுமே இம்மென்பொருளை விற்பதாக என்எஸ்ஓ கூறுகிறது. ஒவ்வொரு விற்பனைக்கும் இஸ்ரேலியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஏற்றுமதி உரிமம் வேண்டும். அப்படியானால் கேள்வி மிக எளிது: மோடி அரசாங்கம் இதை வாங்கியதா, இல்லையா? 2017இல் இஸ்ரேலுடன் செய்துகொண்ட, ஏறத்தாழ 200 கோடி டாலர் மதிப்புள்ள ஆயுதத் தொகுப்பின் ஒரு பகுதியாக இந்தியா பெகாசசை வாங்கியது என்று 2022 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. அதன் பிறகும் ஆம் என்றோ இல்லை என்றோ நேரடியான பதில் அரசாங்கத்திடமிருந்து வரவில்லை.

உச்சநீதிமன்றம் 2021 அக்டோபர் 27 அன்று பிறப்பித்த ஆணை நம்பிக்கை அளித்தது. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் நீதிமன்றம் பேசாமல் ஒதுங்கி நிற்கும் என்று அரசு எதிர்பார்க்கக் கூடாது என்று அவ்வாணை உணர்த்தியது. நீதிபதி ஆர்.வி.ரவீந்திரன் மேற்பார்வையில் வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. 29 கைபேசிகளைச் சோதித்த அக்குழு, ஐந்தில் தீங்கு செய்யும் மென்பொருள் இருப்பதாகக் கண்டது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அரசாங்கம் விசாரணைக்கு ஒத்துழைக்கவில்லை என்று குழு தெரிவித்திருப்பதை 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே திறந்த நீதிமன்றத்தில் சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் ஒத்துழைக்க மறுத்த ஒரு விசாரணையின் அறிக்கை உறையிலிடப்பட்டது. முழு அறிக்கை இதுவரை மக்களுக்குக் காட்டப்படவில்லை.

இதற்கிடையே, 2023 அக்டோபர் இறுதியில், அரசின் ஆதரவு பெற்ற ஊடுருவலாளர்களால் குறிவைக்கப்பட்டிருக்கலாம் என்னும் எச்சரிக்கையை ஆப்பிள் நிறுவனம் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலருக்கு அனுப்பியது. அவர்களுள் தோழர் சீத்தாராம் யெச்சூரியும் ஒருவர். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியப் பத்திரிகையாளர்கள் இருவரின் கைபேசிகளில் பெகாசஸ் தடயங்களைக் கண்டதாக ஆம்னஸ்டி அறிவித்தது.

கடிதத்தைப் பிரித்தவர்களும் கடிதத்தை வைத்தவர்களும்

அஞ்சலைப் பிரித்துப் படிப்பது கம்யூனிஸ்ட்டுகளுக்குப் புதிய அனுபவம் அல்ல. 1924ஆம் ஆண்டின் கான்பூர் சதி வழக்கில் எம்.என்.ராயின் கடிதங்களை இடைமறித்து எடுத்து அவற்றையே பிரிட்டிஷ் ஆட்சி சாட்சியமாக்கியது. அவ்வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் நம் சிங்காரவேலரும் ஒருவர். உடல்நலக் குறைவினால் அவர் விசாரணைக் கூண்டில் நிறுத்தப்படவில்லை. 1929 மார்ச் 20 அன்று நாடெங்கும் தொழிற்சங்கத் தலைவர்களைக் கைது செய்து தொடங்கப்பட்ட மீரட் சதி வழக்கிலும் பிரித்துப் படிக்கப்பட்ட கடிதங்கள் குவியல் குவியலாக நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. எனினும் அந்தக் கடிதங்கள் தோழர்கள் தாமே எழுதியவை, தாமே பெற்றவை. அவற்றில் உள்ள கருத்துக்கு அவர்கள் கூண்டில் நின்றபடியே பெருமிதத்துடன் பொறுப்பேற்றார்கள். மீரட் நீதிமன்றம் அவர்களுக்கு மார்க்சியப் பிரச்சார மேடையாயிற்று.

இன்றைய தொழில்நுட்பம் அந்த வாய்ப்பையும் பறிக்க வல்லது. ஒரு கணினிக்குள்ளோ கைபேசிக்குள்ளோ உரிமையாளருக்குத் தெரியாமல் நுழைந்துவிட்ட ஒருவர், உள்ளிருப்பதை எடுக்க மட்டுமல்ல, இல்லாததை வைக்கவும் முடியும். பீமா கோரேகான் வழக்கு நம் முன்னே நிறுத்தும் பெரும் கேள்வி இதுதான்.

அவ்வழக்கில் கைதான ரோனா வில்சனின் கணினிப் பதிவுகளைப் பாதுகாப்புத் தரப்பு வழக்கறிஞர்களின் வேண்டுகோளின்படி ஆராய்ந்த அமெரிக்கத் தடயவியல் நிறுவனமான ஆர்சனல் கன்சல்டிங், ‘நெட்வயர்’ என்னும் தீம்பொருள் மூலம் அந்தக் கணினி 22 மாதங்கள் வேறொருவரின் பிடியில் இருந்தது என்றும், குற்றச்சாட்டுக்கு அடிப்படையான கடிதங்கள் அந்த வழியிலேயே உள்ளே வைக்கப்பட்டன என்றும் 2021 பிப்ரவரியில் தெரிவித்தது. பாதிரியார் ஸ்டேன் சுவாமியின் கணினியிலும் இதேபோல் ஆவணங்கள் வைக்கப்பட்டன என்று 2022 டிசம்பரில் அதே நிறுவனம் கூறியது. கணினி கைப்பற்றப்படுவதற்குச் சற்று முன்னர், ஊடுருவியவர் தம் தடங்களை அழிக்க முயன்றிருக்கிறார் என்பதும் அதன் முடிவாகும். தேசியப் புலனாய்வு முகமை இம்முடிவுகளை ஏற்கவில்லை. உள்ளே நுழைந்தவர் யார் என்பதை ஆர்சனல் அறிக்கை சொல்லவுமில்லை. அதை வெளிப்படையாக ஆராய்ந்து தீர்ப்பதுதான் ஒரு நீதிமன்ற விசாரணையின் முதல் வேலையாக இருந்திருக்க வேண்டும்.

ஸ்டேன் சுவாமிக்கு அந்த விசாரணை கிடைக்கவில்லை. திருச்சிராப்பள்ளி மாவட்டத்து விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளின் நில உரிமைக்கும், சிறைகளில் ஆண்டுக்கணக்கில் வாடிய ஆதிவாசி இளைஞர்களின் விடுதலைக்கும் தம் வாழ்வை ஒப்படைத்தவர் அவர். 2020 அக்டோபரில் கைதானபோது வயது 83. பார்க்கின்சன் நோயால் நடுங்கும் கைகளால் குவளையைப் பிடித்துத் தண்ணீர் குடிக்க இயலாமல், உறிஞ்சு குழல் கேட்டு நீதிமன்றப் படியேற நேர்ந்தது. 2021 ஜூலை 5 அன்று, பிணை கிடைக்காமலே, கைதியாகவே மறைந்தார். பெகாசஸ் செய்தி வெளிவந்தது அதற்குப் பதின்மூன்றாம் நாள்.

புதிய சாட்சியச் சட்டம் மின்னணுச் சாட்சியத்துடன் அதன் ‘ஹாஷ்’ மதிப்பையும் இணைக்கச் சொல்கிறது. கோப்பு ஒன்றின் கைரேகை போன்றது அது. அம்மதிப்பு குறிக்கப்பட்ட பிறகு கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுத்துவிடும். கைப்பற்றுவதற்கு முன்பே அக்கோப்பை அங்கே வைத்தவர் யார் என்பதை அந்தக் கைரேகையால் சொல்ல முடியாது. வைக்கப்பட்ட பொய்யைக் கலப்படமின்றிப் பாதுகாத்துத் தருவதோடு அதன் பணி முடிந்துவிடுகிறது.

ஓட்டைகளின் உலகச் சந்தை

‘பயங்கரவாதிகளைப் பிடிக்க வேண்டாமா?’ என்று கேட்கிறார்கள். வேண்டும். ஆனால் பெகாசஸ் போன்ற கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதை அறிந்தால், இவை நாட்டின் பாதுகாப்பைக் கூட்டுகின்றனவா குறைக்கின்றனவா என்ற ஐயம் எழாமல் இராது.

ஒவ்வொரு மென்பொருளிலும் அதைச் செய்தவர்களே அறியாத பிழைகள் உண்டு. அவற்றை ஓட்டைகள் எனலாம். ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தவர் தயாரிப்பாளரிடம் சொன்னால் அது அடைக்கப்படும். கோடிக்கணக்கானோர் பாதுகாப்புப் பெறுவர். சொல்லாமல் மறைத்து விற்றால் அது ஆயுதமாகும். 2019இல் வாட்ஸ்அப் அழைப்பு வசதியில் இருந்த ஓர் ஓட்டை வழியாகத்தான் பெகாசஸ் நுழைந்தது. அழைப்பை எடுக்க வேண்டிய தேவைகூட இல்லை, மணி அடித்தாலே போதும். அமெரிக்க நீதிமன்றத்தில் தாக்கலான ஆவணத்தின்படி அப்போது குறிவைக்கப்பட்ட 1,223 பேர் 51 நாடுகளைச் சேர்ந்தவர்கள். அவர்களில் 100 பேர் இந்தியாவில் இருந்தவர்கள்.

இந்த ஓட்டை, குறிவைக்கப்பட்ட அந்தச் சிலரின் கைபேசிகளில் மட்டும் இருந்ததா? அமைச்சரின் கைபேசியிலும், ராணுவ அதிகாரியின் கைபேசியிலும், வங்கி ஊழியரின் கைபேசியிலும் அதே ஓட்டை இருந்தது. உளவு மென்பொருளை வாங்கும் அரசாங்கம், தன் நாட்டு மக்கள் அனைவரின் வீட்டுப் பூட்டும் பழுதாகவே இருக்கட்டும் என்று விரும்பி விலை கொடுக்கிறது.

இதன் விளைவை உலகம் 2017 மே 12 அன்று கண்டது. விண்டோஸ் இயங்குதளத்தின் ஓர் ஓட்டையை அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை தன் உளவுக்காக ஆண்டுக்கணக்கில் மறைத்து வைத்திருந்தது. அதற்கான கருவி களவுபோய் இணையத்தில் வெளியானது. ‘வான்னாக்ரை’ என்னும் பணயத் தீம்பொருளாக அது திரும்பி வந்து, 150 நாடுகளில் 2 லட்சத்திற்கும் மேற்பட்ட கணினிகளைத் தாக்கியது. பிரிட்டனின் பொது மருத்துவ சேவையில் மட்டும் ஏறத்தாழ 19,000 மருத்துவச் சந்திப்புகள் ரத்தாகியிருக்கலாம் என்று அந்நாட்டுத் தணிக்கை அமைப்பு மதிப்பிட்டது. தாக்கியது வட கொரியா என்று அமெரிக்கா குற்றம் சாட்டியது. ஏவிய கை எவருடையதாயினும் ஆயுதம் வார்க்கப்பட்டது வாஷிங்டனின் உலைக்களத்தில்தான் என்பதை மறைக்க முடியவில்லை.

நம் நாட்டிலும் 2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினி அமைப்பு தாக்குதலுக்கு உள்ளாகி முடங்கியது. ஏறத்தாழ இரண்டு வாரம் சீட்டு எழுதுவது முதல் சோதனை முடிவு தருவது வரை கையால் நடந்தது. வெளிமாநிலங்களிலிருந்து ரயிலேறி வந்த ஏழை நோயாளிகள் வரிசைகளில் காத்துக் கிடந்தார்கள். இணையப் பாதுகாப்பு என்றால் என்ன என்பதற்கு அந்த வரிசையைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை.

இந்தச் சந்தைக்கு ஏகாதிபத்திய முகமும் உண்டு. என்எஸ்ஓவை அமெரிக்கா 2021 நவம்பரில் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. 2025 அக்டோபரில், அமெரிக்க முதலீட்டாளர்கள் குழு ஒன்று தங்களைக் கையகப்படுத்தியிருப்பதாக அந்த நிறுவனமே உறுதிப்படுத்தியது. வாட்ஸ்அப் தொடுத்த வழக்கில் 2025 மே மாதம் நடுவர் குழு 16 கோடியே 70 லட்சம் டாலருக்கும் மேலான அபராதம் விதித்தது. பின்னர் நீதிபதி அதை ஏறத்தாழ 40 லட்சமாகக் குறைத்தார். மக்களின் தரவுகளை விளம்பரத்துக்கு விற்றுக் கொழுக்கும் மெட்டா நிறுவனத்துக்கு ஒரு நீதிமன்றம் கிடைத்தது. குறிவைக்கப்பட்ட இந்தியக் குடிமகனுக்கு உறையிட்ட அறிக்கைதான் கிடைத்திருக்கிறது. தேசபக்தியின் ஏகபோகத்தைக் கோரும் ஓர் அரசாங்கம், தன் நாட்டுத் தேர்தல் ஆணையர் ஒருவரின் எண் அந்நிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலில் எப்படி ஏறியது என்று கேட்கக்கூட முன்வரவில்லை.

ஒற்றுக்கும் இலக்கணம் உண்டு

அரசுக்கு ஒற்று வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. திருக்குறள் பொருட்பாலில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஆராயப்பட வேண்டியவர்களை வரிசைப்படுத்தும் வள்ளுவர், அரசனின் பணியாளர்களை முதலிலும், அவனுடைய சொந்தச் சுற்றத்தை அடுத்தும், பகைவரை இறுதியிலும் வைக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்ததை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் விதிக்கிறார். அவ்வதிகாரத்திற்கு முன்னே நிற்பது கண்ணோட்டம் என்னும் அதிகாரம். முடியாட்சிக் காலத்து நூல் ஒன்று அரசனுக்கு விதித்த கட்டுப்பாடுகூட, குடியாட்சியில் அமைச்சகச் செயலர்களுக்கு இல்லை என்பது வெட்கக்கேடு.

இன்றைய நிலை என்ன? 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் பிரிட்டிஷாருக்கு அளித்த ஒட்டுக்கேட்கும் அதிகாரம் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தொடர்கிறது. அனுமதி தருவதும் அரசாங்கச் செயலர். அந்த அனுமதியை மறு ஆய்வு செய்வதும் அரசாங்கச் செயலர்கள். ஒன்றிய அரசாங்கம் மட்டும் மாதத்திற்கு 7,500 முதல் 9,000 வரை ஒட்டுக்கேட்பு ஆணைகள் பிறப்பிப்பதாக ஒரு தகவல் உரிமை மனுவின் மூலம் தெரியவந்ததை நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் சுட்டிக்காட்டியது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை கூடும் மறு ஆய்வுக் குழு ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பரிசீலிக்க வேண்டியிருக்கும். மூன்று அதிகாரிகளால் அத்தனையையும் படித்திருக்க முடியுமா? இந்தச் சடங்கில் எந்தக் கட்டத்திலும் ஒரு நீதிபதி இல்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அத்தீர்ப்பின் பெயரால் பிறந்த 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தான் விரும்பும் அரசு அமைப்புக்கு முழு விலக்கு அளிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசாங்கத்துக்கு வழங்குகிறது. போதாக்குறைக்கு, தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தி, ‘தனிநபர் தகவல்’ என்ற பெயரில் அதிகாரிகள் கோப்புகளை மறைத்துக்கொள்ள வழிசெய்திருக்கிறது. குடிமக்கள் கண்ணாடி வீட்டில். ஆட்சியாளர்கள் இரும்புத் திரைக்குப் பின்னால்!

‘மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு என்ன அச்சம்?’ என்பார்கள். தேர்தல் பத்திர வழக்கில், கட்சிகளுக்குப் பணம் கொடுத்தது யார் என்று அறியும் பொதுவான உரிமை குடிமக்களுக்கு இல்லை என்று வாதிட்டது இதே அரசாங்கம்தான். அந்தத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று உச்சநீதிமன்றம் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. கார்ப்பரேட்டுகளின் நன்கொடைக்கு உள்ள ரகசியம், ஒரு தொழிலாளிக்கு மட்டும் ஏன் கூடாது? சங்கம் இன்னும் உருவாகாத ஓர் ஆலையில், உறுப்பினராகச் சம்மதித்தவர்களின் பெயர்கள் ஓர் அமைப்பாளரின் கைபேசியில் இருக்கின்றன. அப்பட்டியல் நிர்வாகத்தின் மேசைக்குப் போனால் மறுநாள் காலையில் அவர்களுக்கு வேலை இருக்காது. காவல்துறைக்கு எதிராகப் புகார் தர வந்த பெண்ணின் குரல் பதிவு ஒரு பத்திரிகையாளரின் கைபேசியில் இருக்கிறது. உழைக்கும் மக்களுக்கு அந்தரங்கம் என்பது பணக்காரரின் மாளிகைச் சுவர் போன்ற ஆடம்பரம் அன்று. ஒன்றுகூடுவதற்கும் துணிந்து பேசுவதற்கும் அது முன்நிபந்தனை.

என்ன செய்ய வேண்டும்?

ரவீந்திரன் குழுவின் அறிக்கை, தனிநபர் விவரங்கள் நீங்கலாக, முழுமையாக வெளியிடப்பட வேண்டும். பெகாசசை வாங்கியதா என்னும் கேள்விக்கு ஒன்றிய அரசாங்கம் நாடாளுமன்றத்தில் நேரடியாகப் பதிலளிக்க வேண்டும். நீதிபதியின் முன் அனுமதியின்றி எவருடைய தகவல் தொடர்பையும் இடைமறிக்கக் கூடாது. கைபேசிக்குள் ஊடுருவும் மென்பொருள் அறவே தடை செய்யப்பட வேண்டும். அரசு அமைப்புகளுக்குத் தெரியவரும் மென்பொருள் ஓட்டைகளை உடனே அடைக்கச் செய்வது சட்டக் கடமையாக்கப்பட வேண்டும். மின்னணுச் சாட்சியத்தை மட்டுமே நம்பி ஒருவரைச் சிறையில் வைப்பதற்கு முன், அந்தக் கருவி ஊடுருவப்பட்டதா என்பதைச் சுயேச்சையான தடயவியல் ஆய்வு சோதிக்க வேண்டும். பீமா கோரேகான் வழக்கிலிருந்தே அது தொடங்க வேண்டும்.

இவை வல்லுநர்களுக்கு மட்டும் உரிய கோரிக்கைகள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. தொழிற்சங்க மாநாடுகளிலும், மாதர், மாணவர், வாலிபர் அமைப்புகளின் கூட்டங்களிலும் இவை பேசப்பட வேண்டும். சஞ்சார் சாத்தி ஆணை ஐந்தே நாட்களில் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணம் அரசாங்கத்தின் பெருந்தன்மை அன்று. மக்கள் பார்த்துவிட்டார்கள், கேட்டுவிட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்த செயலிக்கு எழுந்த அந்தக் குரல், கண்ணுக்குத் தெரியாத மென்பொருளுக்கு எதிராகவும் எழ வேண்டும். நடுங்கும் கைகளோடு கைதியாகவே இறந்த அந்த முதியவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.